சீட்டைத் துண்டாடினால் லாபம் யாருக்கு?

நெடும் பயணத்துக்கு ஒரே டிக்கெட் வாங்காதே. நடுவில் ஓர் ஊரில் வெட்டி இரண்டாக வாங்கு. காசு மிச்சமாகும் என்று யோசனை சொல்வாருண்டு. அரைக் காசையும் எண்ணிச் செலவழிக்கும் தொழிலாளிக்கு இந்த யோசனை இனிக்கத்தான் செய்யும். ஆனால் நம் நாட்டில் அது செல்லுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம், தோழர்களே!

இங்கிலாந்தில் அது செல்லும். அங்கே ரயில் கட்டணம் தூரத்தை மட்டும் அளந்து போடப்படுவதில்லை. இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு இந்த நேரத்தில் இவ்வளவு என்று தனித்தனியே விலை வைக்கிறார்கள். அதனால் ஒரு முழுச் சீட்டைவிட இரண்டு துண்டுச் சீட்டுகள் மலிவாக விழுவதுண்டு. வெட்டிய ஊரில் வண்டி நின்று செல்ல வேண்டும், நிபந்தனை அவ்வளவே.

இங்கே முறை வேறு. தூரம் ஏற ஏறக் கிலோமீட்டருக்கான வீதம் இறங்கும். ஆகவே வெட்டினால் நட்டம்! செங்கற்பட்டிலிருந்து மதுரைக்குப் படுக்கை வசதிப் பெட்டியில் போகும் தொழிலாளி விழுப்புரத்தில் சீட்டை வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விழுப்புரம் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். ஆனால் விரைவு வண்டியின் படுக்கைப் பெட்டிக்குக் குறைந்தது 200 கிலோமீட்டருக்குக் கட்டணம் உண்டு. போகாத 100 கிலோமீட்டருக்கும் பணம் கட்டுகிறார்! முன்பதிவுக் கட்டணம் 20 ரூபாய் இரண்டு முறை. அதிவேக வண்டியானால் அதற்கான 30 ரூபாயும் இரண்டு முறை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முழுத் தூரத்துக்கு இடம் கிடைக்காமல், துண்டு துண்டாகக் கிடைத்த இடத்தைப் பிடித்து ஊர் போய்ச் சேருபவர் உண்டு. அது சிக்கனமன்று, வேறு வழியில்லாமை.

தினப் பயணிக்கு உண்மையில் மிச்சம் தருவது வெட்டிய சீட்டன்று, சீசன் டிக்கெட். அதிலும் மூன்று மாதச் சீட்டுக்கு 2.7 மாதத் தொகை. ஆறு மாதத்துக்கு 5.4, ஓராண்டுக்கு 10.8 மாதத் தொகை. நல்ல சலுகைதான். ஆனால் யாருக்கு? ஓராண்டுப் பணத்தை ஒரே நாளில் எண்ணி வைக்கக் கூடியவருக்கு! அடுத்த மாதம் வேலை இருக்குமா என்றே அறியாத ஒப்பந்தத் தொழிலாளி மாதச் சீட்டுதான் வாங்குவார். இல்லாதவனே கூடுதலாகக் கொடுக்கிறான்.

இனி, ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்துக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ - நிஸ்ஸான் ஆலை வந்தது. அதன்பின் வந்த ஆலைகள் எத்தனையோ! வந்தவற்றுக்கெல்லாம் சாலை வந்தது; மின்சாரம் வந்தது; தண்ணீர் வந்தது. ஸ்ரீபெரும்புதூருக்கோ ஒரகடத்துக்கோ பயணிகள் ரயில் வந்ததா? வரவில்லை.

தெற்கிலிருந்து வருபவர் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்குகிறார். வடக்கிலிருந்து வருபவர் திருவள்ளூரில் இறங்குகிறார். பிறகு பஸ், பஸ் இல்லாத நேரத்தில் ஷேர் ஆட்டோ. கம்பெனி பஸ்ஸில் இடமுள்ளவர் தப்பித்தார். இடமில்லாதவர், ரயிலுக்கு ஒரு சீட்டு, பஸ்ஸுக்கு ஒரு சீட்டு, ஆட்டோவுக்குச் சில்லறை என்று கொடுத்துக்கொண்டே போகிறார். ஒவ்வொரு மாற்றத்திலும் புதிதாக ஒரு குறைந்தபட்சக் கட்டணம்! நீண்ட தூரத்துக்கு வீதம் குறையும் என்ற ரயில்வேயின் நியாயம் இவருக்குக் கிட்டுவதில்லை. இவர் சீட்டை இவர் வெட்டவில்லை. பாதை போடாதவர்கள் வெட்டினார்கள்.

வாலாஜாபாத் நிலையத்தில் இவ்வட்டாரத்துக் கார்கள் சரக்கு ரயில் ஏறி வட நாட்டுக்குப் போகின்றன. கார் ரயிலில் போகிறது. காரைச் செய்தவன் ஆட்டோவில் தொங்குகிறான். இது முறையா?

ஆவடியையும் கூடுவாஞ்சேரியையும் ஸ்ரீபெரும்புதூர் வழியே இணைக்கும் புதிய பாதை, சுமார் 60 கிலோமீட்டர், 2013-14 ரயில்வே பட்ஜெட்டில் இடம்பெற்றது. பட்ஜெட்டுகள் பல வந்து போயின. அந்தப் பாதையில் இன்றுவரை ஒரு வண்டி ஓடவில்லை. 2025 செப்டம்பரில் சென்னையில் ‘சென்னை ஒன்று’ செயலி வந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் சீட்டு எடுக்கலாம். வரவேற்கிறோம். ஆனால் சீட்டு ஒன்றானால் போதுமா? கட்டணமும் ஒன்றாக வேண்டாமா?

நாம் கேட்பது மூன்று. ஸ்ரீபெரும்புதூர் பாதைக்கு நிதி ஒதுக்கி, முடிக்கும் நாளையும் சொல்லுங்கள். அதுவரை வீட்டு வாசலிலிருந்து ஆலை வாசல் வரை முழுத் தூரத்தையும் ஒரே பயணமாகக் கணக்கிட்டு, ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரே மாதச் சீட்டு கொடுங்கள். நிரந்தரத் தொழிலாளிக்கு ஓடும் கம்பெனி பஸ்ஸில் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இடம் கொடுங்கள். இல்லையேல் பயணப்படி கொடுங்கள்.

தோழர்களே! ஒரு மாதம் சீட்டுகளையும் ஆட்டோச் செலவையும் குறித்து வையுங்கள். சங்கக் கூட்டத்தில் அந்தக் கணக்கைப் படியுங்கள். ஊதியப் பேச்சுவார்த்தை மேசையில் அதை வையுங்கள். தனித்தனியே சீட்டை வெட்டி ஐந்து ரூபாய் தேடுவதைவிட, ஒன்றுகூடி நின்று ஒரே சீட்டைக் கேட்பதே நமக்கு லாபம்!