முப்பது வண்டிகளும் ஒரு பெண்ணும்



போன மாதம் ஒரு வாசகி எழுதியிருந்தார். கைக்குழந்தைக்காரி. “அம்மா, உங்கள் பகுதியில் நீங்கள் சொல்லும் புத்தகங்களை ஒன்று விடாமல் வாங்கிப் படிக்கிறேன். ஆனால் இந்த யுத்தக் கதைகளை மட்டும் சொல்லாதீர்கள். துப்பாக்கி, பீரங்கி எல்லாம் ஆம்பிளைகள் சமாசாரம். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே படிக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்” என்று கேட்டிருந்தார்.

நியாயமான கேள்விதான். ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் தெரியுமா? குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பதைப் பற்றியும், குழந்தையின் துணியில் படிந்த கறையைப் பற்றியும் நான் முதன்முதலாக ஒரு நாவலில் படித்ததே, உலகத்திலேயே பெரிய யுத்த நாவல் என்று பேர் வாங்கிய புத்தகத்தில்தான்! டால்ஸ்டாய் எழுதிய ‘போரும் வாழ்வும்’. டி. எஸ். சொக்கலிங்கம் அவர்கள் இதைத் தமிழில் தந்திருக்கிறார்.

“அடேயப்பா, அந்தத் தலையணை புஸ்தகமா?” என்று பயப்படாதீர்கள். இன்று அதன் வாசற்படி வரைக்கும் உங்களைக் கூட்டிப் போகிறேன். உள்ளே போவதும் போகாததும் உங்கள் இஷ்டம்.

முதலில் கொஞ்சம் சரித்திரம்

கதை 1805-ல் ஆரம்பிக்கிறது. பிரான்ஸ் தேசத்து நெப்போலியன் ஐரோப்பாவையே ஆட்டி வைத்த காலம். 1812-ல் அவன் லட்சக்கணக்கான படைவீரர்களோடு ருஷ்யாவுக்குள் நுழைந்தான். அந்த வருஷம் செப்டம்பர் 7-ம் தேதி போரோதினோ என்ற இடத்தில் பெரிய சண்டை. ஒரே பகலில் இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 70,000 பேர் மாண்டார்கள் அல்லது காயம்பட்டார்கள். அடுத்த வாரமே, செப்டம்பர் 14-ம் தேதி, நெப்போலியன் மாஸ்கோவுக்குள் வந்துவிட்டான். ஜனங்கள் முக்கால்வாசிப் பேர் ஊரைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். பிறகு நகரம் தீப்பிடித்து எரிந்தது. குளிர்காலம் நெருங்கியது, சாப்பாட்டுக்கு வழியில்லை. நெப்போலியன் திரும்பி நடக்க வேண்டியதாயிற்று. வழியிலேயே அவன் சேனை கரைந்து போயிற்று.

டால்ஸ்டாய் பிறந்தது 1828-ல். இந்த யுத்தத்தை அவர் கண்ணால் பார்த்தவர் இல்லை. ஆனால் வாலிபத்தில் செவாஸ்டபோல் முற்றுகையில் ராணுவ அதிகாரியாக இருந்தவர். குண்டு சத்தம் எப்படி இருக்கும், காயம்பட்டவன் முனகல் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் அவர் கதையில் யுத்தம் வாணவேடிக்கை மாதிரி இருப்பதில்லை.

மூட்டை கட்டத் தெரிந்த பெண்

இந்தப் பெரிய கூட்டத்துக்கு நடுவே நதாஷா என்று ஒரு பெண். ரோஸ்தோவ் குடும்பத்துச் செல்லப் பெண். கதைக்குள் ஓடி வரும்போது அவளுக்கு வயசு பதின்மூன்று. பாட்டு, ஆட்டம், சிரிப்பு, பிடிவாதம் எல்லாம் உண்டு. ஆண்ட்ரூ என்ற நல்லவனுக்கு நிச்சயமாகிறாள். மாமனாராக வரப்போகிறவரின் பிடிவாதத்தால் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போகிறது. அந்த இடைவெளியில் அழகன் ஒருவனின் பேச்சில் மயங்கி வீட்டைவிட்டு ஓடப் பார்க்கிறாள். நல்ல வேளை, பிடிபட்டுவிடுகிறாள். நிச்சயம் முறிந்துபோகிறது. வெட்கத்தில் உடம்பும் கெட்டு, மனசும் கெட்டுக் கிடக்கிறாள். நம் பக்கத்து வீட்டில் நடந்தால் நாமே என்னென்ன பேசியிருப்போம், நினைத்துப் பாருங்கள்!

அப்போதுதான் எதிரி வருகிறான். மாஸ்கோவில் ரோஸ்தோவ் வீட்டு வாசலில் சாமான் ஏற்றுவதற்காகக் கிராமத்திலிருந்து முப்பது வண்டிகள் வந்து நிற்கின்றன. வீடெல்லாம் பெட்டி, வைக்கோல், கயிறு. பீங்கான் பாத்திரமும் கம்பளங்களும் பெட்டிகளில் அடங்கவில்லை. நதாஷா உட்கார்ந்து கட்டியதையெல்லாம் பிரிக்கச் சொல்லுகிறாள். மட்டமான தட்டுகளையும் பழைய கம்பளங்களையும் தள்ளி வைக்கிறாள். நல்லதை மட்டும் இறுக்கி அடுக்குகிறாள். மூடி அழுந்த மறுக்கிறது. ஆளைக் கூப்பிட்டு அழுத்தச் சொல்லி மூடியே விடுகிறாள்! கல்யாணச் சீர் சாமான் கட்டின கைகளுக்கு அந்தச் சந்தோஷம் புரியும்.

மறுநாள் அதே வாசலில் காயம்பட்ட சிப்பாய்கள். நடக்க முடியாதவர்கள். “வண்டியில் ஒரு மூலை கொடுங்கள்” என்று கேட்கிறார்கள். அப்பா இளகிய மனசுக்காரர். சில வண்டிகளைக் காலி செய்யலாம் என்கிறார். அம்மாவோ கோபப்படுகிறாள். ஏற்கெனவே அப்பாவின் தாராளத்தால் வீட்டில் கடன். மிச்சமிருப்பது இந்தச் சாமான்தான், அதுவும் குழந்தைகளின் சொத்து, அதையும் தானம் பண்ணிவிட்டால் என்ன ஆவது என்கிறாள்.

இதே நேரத்தில் வீட்டு மாப்பிள்ளை ஒருவர் வருகிறார். ஊரே காலியாகிறதே, எங்கோ ஒரு வீட்டில் நல்ல அலமாரி மலிவாகக் கிடைக்கிறதாம், தூக்கிவர ஆள் வேண்டுமாம்! எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் இப்படி ஒரு மனிதர் உண்டு இல்லையா?

நதாஷாவுக்கு விஷயம் தெரிகிறது. புயல் மாதிரி உள்ளே ஓடிவந்து, இது அசிங்கம், நாம் இப்படிச் செய்யலாமா என்று அம்மாவைக் கேட்டுவிடுகிறாள். அம்மா தடுமாறிப்போகிறாள். பிறகு சம்மதிக்கிறாள். முதல் நாள் அவ்வளவு சாமர்த்தியமாகக் கட்டிய பெட்டிகளை நதாஷாவே இறக்கச் சொல்லுகிறாள். வண்டிகளில் மனிதர்கள் ஏறுகிறார்கள்.

அந்தக் காயம்பட்ட கூட்டத்தில் ஆண்ட்ரூவும் இருக்கிறான் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. இதைக் கவனியுங்கள். காதலனுக்காக அவள் வண்டியை இறக்கவில்லை. யாரோ எவனோ பெயர் தெரியாத சிப்பாய்களுக்காக இறக்கினாள்.

என் பாட்டியின் அண்டா

அந்த அம்மாவை மட்டும் பொல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அவளைப் பார்த்தால் என் பாட்டி ஞாபகம்.

1942 ஏப்ரல். ஜப்பான் விமானங்கள் 5-ம் தேதி கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னையில் பீதி. அவசியமில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போங்கள் என்று சர்க்காரே சொல்லிற்று. தாத்தா எங்கிருந்தோ ஒரு மாட்டுவண்டி பிடித்து வந்தார். செங்கல்பட்டுப் பக்கத்தில் எங்கள் கிராமம். பாட்டிக்கு இடுப்பில் கைக்குழந்தை, என் அம்மா. வண்டியில் அரிசி மூட்டை, டிரங்குப் பெட்டி, பிறகு பாட்டி பிறந்த வீட்டிலிருந்து வந்த செப்பு அண்டா.

கோடி வீட்டில் அப்பளம் இட்டுப் பிழைக்கும் ஒரு கிழவி. யாருமில்லை. வண்டிகிட்டே வந்து, “எனக்கும் ஒரு ஓரத்துல இடம் குடுடி, ஒண்டிக்கிறேன்” என்று கேட்டாளாம். “இடமில்லையே பாட்டி” என்று என் பாட்டி சொல்லிவிட்டாள். வண்டி நகர்ந்துவிட்டது.

பயந்தபடி அந்த ஏப்ரலில் சென்னைக்கு ஒன்றும் ஆகவில்லை. சில மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது கிழவி வாசலில் அப்பளம் உலர்த்திக்கொண்டிருந்தாள். “வந்துட்டியா? குழந்தைக்குக் கிராமத்துத் தண்ணி ஒத்துண்டுதா?” என்று விசாரித்தாளாம். ஒரு குற்றம், ஒரு குறை சொல்லவில்லை.

“அவ திட்டியிருந்தா நான் மறந்திருப்பேன்டி” என்பாள் பாட்டி. ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த அண்டாவைப் புளி போட்டுத் துலக்கும்போது இதைச் சொல்லாமல் இருந்ததில்லை. எனக்குக் கல்யாணமானபோது அண்டாவை எனக்குத்தான் கொடுத்தாள். சாமான் முக்கியம்தான், இல்லாவிட்டால் குடும்பம் ஏது? அந்த வண்டி நிற்கிற ஒரு நிமிஷத்தில் எது முதலில் என்று தெரிய வேண்டும். பாட்டிக்கு வண்டி போன பிறகு தெரிந்தது. நதாஷாவுக்கு வண்டி நிற்கும்போதே தெரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வாள் இல்லாத வீரம்

நம் சிவகாமியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். கல்கி 1944-ல், உலக யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, ‘சிவகாமியின் சபத’த்தைத் தொடர்கதையாகத் தொடங்கினார். வாதாபியில் சிறைப்பட்ட சிவகாமி, அந்த நகரம் எரியும் வரை வரமாட்டேன் என்று சபதம் போடுகிறாள். சபதம் நிறைவேறுகிறது. ஆனால் திரும்பி வரும்போது மாமல்லர் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறார். யுத்தத்தில் ஜயித்தாலும் மனசு கேட்ட விலை திரும்பக் கிடைப்பதில்லை. இதைத்தான் நல்ல யுத்தக் கதைகள் எல்லாம் சொல்லுகின்றன.

நதாஷாவுக்கும் கிடைக்கவில்லை. வழியில் ஆண்ட்ரூவைக் கண்டுபிடிக்கிறாள். நடுராத்திரி வெறுங்காலோடு போய் மன்னிப்புக் கேட்கிறாள். அவன் மன்னிக்கிறான். பக்கத்திலிருந்து பணிவிடை செய்கிறாள். ஆனாலும் அவன் பிழைக்கவில்லை.

அந்தத் துக்கம் ஆறுவதற்குள் இன்னொரு இடி. அவள் தம்பி பேத்யா, மீசைகூட அரும்பாத பையன், அடம்பிடித்துப் பட்டாளத்தில் சேர்ந்தவன். சண்டைக்கு முதல் நாள் ராத்திரி தன்னிடமிருந்த உலர்ந்த திராட்சையை எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கிறான். பிடிபட்ட எதிரிப் பக்கத்துச் சிறுவனுக்குச் சாப்பாடு கிடைத்ததா என்று கவலைப்படுகிறான். காலையில் ஒரு குண்டு, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை இருக்கிற எந்தத் தாயும் அந்தத் திராட்சையை மறக்க முடியாது.

செய்தி கேட்டு அம்மா பித்துப் பிடித்தவள் போலாகிறாள். தன் துக்கத்தில் சுருண்டு கிடந்த நதாஷா எழுந்து வருகிறாள். மூன்று வாரம் ராப்பகலாக அம்மாவைவிட்டு நகரவில்லை. சாப்பிட வைக்கிறாள், பேசிக்கொண்டே இருக்கிறாள். அம்மாவைக் காப்பாற்றப் போனதில் அவளும் பிழைத்துக்கொள்கிறாள். போரோதினோ வீரத்துக்கு இது எந்த விதத்தில் குறைச்சல், சொல்லுங்கள்?

பச்சை போய் மஞ்சள்

இப்போது அந்தக் கறைக்கு வருவோம். கடைசியில் நதாஷா, பியேர் என்ற நல்ல மனிதரைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாள். 1820-ல் அவளுக்கு மூன்று பெண், ஒரு பிள்ளை. பணக்காரக் குடும்பங்களில் பால் கொடுக்கத் தனியாகத் தாதி வைக்கிற காலம் அது. அம்மா, டாக்டர்கள், புருஷன் எல்லோரும் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், இரண்டாவது குழந்தையிலிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் தானே பால் கொடுத்தாள் என்று எழுதுகிறார் டால்ஸ்டாய். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்று இன்றைய டாக்டர்கள் நமக்குச் சொல்லுகிறார்களே, அன்றைக்கு அவளுக்கு யாரும் சொல்லவில்லை!

ஒரு நாள் தலைகூட வாராமல், குழந்தையின் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நதாஷா ஓடிவருகிறாள். கறை பச்சையாக இல்லை, மஞ்சளாகிவிட்டது! குழந்தைக்குக் குணமாகிறது என்று அவளுக்கு ஆனந்தம். (நிறத்தை மட்டும் பார்த்து நீங்கள் பயப்பட வேண்டாம். குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, ஜுரம் இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.)

எனக்கு ஒரு குறையும் உண்டு. அவ்வளவு அழகாகப் பாடினவள் பாட்டையே விட்டுவிடுகிறாள். அதில்தான் பெண்ணின் பூர்த்தி என்கிற மாதிரி எழுதுகிறார் டால்ஸ்டாய். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அவர் சம்சாரம் சோபியாவைப் பாருங்கள். பதினெட்டு வயசில் கல்யாணம். கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டே, புருஷனின் கிறுக்கல் எழுத்தில் இருந்த இந்த நாவலைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்தவர். சொந்தமாக நாட்குறிப்பும் எழுதினார். துணியும் துவைக்கலாம், பாட்டும் பாடலாம் அம்மா! ஒன்றுக்காக ஒன்றை விட வேண்டியதில்லை.

படிக்கச் சில யோசனைகள்

* ருஷ்யப் பெயர்கள் குழப்பும். ஒரு சீட்டில் குடும்ப வாரியாக எழுதிப் புத்தகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.
* கனமான புத்தகம். மடியில் தலையணை வைத்து அதன்மேல் வையுங்கள். குழந்தையின் மேல் சாய வேண்டாம்.
* ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் போதும். அத்தியாயங்கள் சின்னச் சின்னவை.
* படைநடைகள் அலுத்தால் தாண்டிப் போங்கள். டால்ஸ்டாய் கோபித்துக்கொள்ளமாட்டார்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இவ்வளவுதான் சொல்ல விரும்புகிறேன். யுத்தம் ஆம்பிளைகள் சமாசாரம் என்றீர்கள். வண்டியில் என்ன ஏற்றுவது, யாரை ஏற்றுவது, திரும்பி வராத பிள்ளையின் தாய்க்கு யார் சோறு ஊட்டுவது, இதெல்லாம் யார் சமாசாரம்? படித்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள் வீட்டுப் பாட்டி யுத்த காலத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் எழுதுங்கள். எங்கள் வீட்டு அண்டா இந்தப் பொங்கலுக்கும் துலக்கப்படும். கதையைச் சொல்லிக்கொண்டே துலக்க இப்போது பேத்தி பக்கத்தில் இருக்கிறாள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.