இடையில் யாரும் இல்லாத செய்தி

2022 அக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள். நாம் அனைவரும் பயன்படுத்தும் செய்திச் செயலி உலகம் முழுவதும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முடங்கியது. பாடாங் செராயில் நான்கு வீடு தள்ளியிருக்கும் சித்தியிடம் முறுக்கு கேட்கத் தம்பி நடந்தே போனான். நான்கு வீடு தாண்டும் சொல்லும் எங்கோ ஒரு நிறுவனத்தின் சேவையகத்தைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

தோட்டத்தில் சாவுச் செய்தி லயத்துக்கு லயம் ஆள் மூலமே போனதாகப் பாட்டி சொல்வார். சேவையகம் இல்லாத செயலிகளும் அப்படித்தான். அவற்றுள் ஒன்றான பிரையர், இணையம் இருந்தால் டோர் வலையமைப்பு வழியாகவும், இல்லையென்றால் அருகிலுள்ள கைப்பேசிக்குப் புளூடூத், வைஃபை வழியாகவும் செய்தியை நேரே சேர்க்கிறது.

இது நமக்கெதற்கு என்று கேட்கலாம். தூத்துக்குடியைப் பாருங்கள். 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். உடனே அம்மாவட்டத்திலும் திருநெல்வேலி, கன்னியாகுமரியிலும் அரசு இணையத்தை நிறுத்தியது. 2023 டிசம்பரில் அதே தூத்துக்குடியை வெள்ளம் சூழ்ந்தபோது கைப்பேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டது. ஒருமுறை ஆணை, மறுமுறை மழை. இரண்டு முறையும் "பிள்ளை எங்கே?" என்று கேட்க வழியின்றித் தவித்தவர்கள் சாதாரண மக்களே.

தீயவர்களும் இவற்றைப் பயன்படுத்துவார்களே என்பது நியாயமான அச்சம்தான். தீவிரவாதிகள் பயன்படுத்துவதாகக் கூறி, 2023 மே மாதம் பிரையர் உட்பட 14 செயலிகளை இந்திய அரசு தடைசெய்தது. ஆனால், திருடன் நடக்கிறான் என்பதற்காக ஊர்ப் பாதையை அடைத்துவிட முடியுமா?

அதே வேளையில், சேவையகம் இல்லை என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. 2019இல் ஹாங்காங் போராட்டக்காரர்கள் நம்பிய பிரிட்ஜ்ஃபையில், பிறர் செய்திகளைப் படிக்க முடியும் என்பதை லண்டன் ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் 2020இல் நிறுவினர். பிரையரிலோ கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத் தர எவரும் இல்லை. கைப்பேசி தொலைந்தால் செய்தியும் தொலையும். காவல்காரன் இல்லாத வீட்டுக்கு நாமேதான் காவல்.

எனவே, நண்பர்களே, பழைய செயலியை நீக்கச் சொல்லவில்லை. அடுத்த ஒன்றுகூடலில் ஒருவர் கைப்பேசியை மற்றவர் நேரில் வருடி இணைத்துக்கொள்வோம். ஊருக்குப் போனதும் வீட்டாருக்கும் கற்றுக்கொடுப்போம். வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவு.