வலிப்பு வராதவருக்கு வலிப்பு மாத்திரை எதற்கு?



இந்த முறை சமையல் குறிப்பு இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததை, நான் செய்த தப்பையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் நாத்தனாருக்கு மூளையில் கட்டி. 1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் மூளை ஆபரேஷனைத் தொடங்கிய காலத்தில் இதற்கெல்லாம் வெகுதூரம் போக வேண்டியிருந்தது. இன்று மேச்சேரியிலிருந்து பஸ் ஏறினால் சேலத்திலேயே முடிகிறது. புற்றுக்கட்டி இல்லை என்று தெரிந்ததும் பத்ரகாளியம்மனுக்கு மாவிளக்கு போட்டோம்.

அவளுக்கு ஒரு நாளும் வலிப்பு வந்ததில்லை. ஆனாலும் ஆபரேஷன் சமயத்தில் வந்துவிடக் கூடாதே என்று ஃபெனிடாயின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். "ஒரு வாரம் கழித்து வாங்க, குறைத்து நிறுத்திடலாம்" என்றார் டாக்டர். எனக்குத்தான் பயம். நிறுத்தி, வலிப்பு வந்துவிட்டால்? பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கி, மூன்று மாதம் நானே கொடுத்து வந்தேன்.

"அண்ணி, கால் நிக்க மாட்டேங்குது" என்றாள். எந்நேரமும் தூக்கம். ஈறு வீங்கிப் பல்லை மூடியது. கட்டி திரும்பி வந்துவிட்டதென்று அழுதுகொண்டே சேலத்துக்கு ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு, "கட்டி இல்லம்மா, மாத்திரை பண்ற வேலை" என்றார். எனக்குத் தலைகுனிவாகிவிட்டது.

அவர் விளக்கியது இதுதான். வலிப்பே வராதவருக்கு முன்ஜாக்கிரதையாக மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பதால் வலிப்பு தடுக்கப்படுவதாக ஆராய்ச்சிகளில் தெரியவில்லை. அமெரிக்க நரம்பியல் டாக்டர்கள் சங்கம் 2000-லேயே இதைச் சொன்னது. 2021-ல் அமெரிக்க, ஐரோப்பிய டாக்டர்கள் சேர்ந்து மறுபடி அலசி, அதையே சொன்னார்கள். பலன் தெரியவில்லை, தொல்லை மட்டும் மிச்சம். ஃபெனிடாயின் சில புற்றுநோய் மருந்துகளின் வேகத்தைக் குறைக்கும். கர்ப்பத்தடை மாத்திரையின் பலனையும் குறைக்கும். லெவெடிராசிடம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பும்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! கட்டி உள்ளவருக்கு ஒரே ஒரு தடவை வலிப்பு வந்திருந்தாலும் மாத்திரை அவசியம். திடீரென்று நிறுத்தினால் பெரிய வலிப்பாக வரலாம். நிறுத்துவதானாலும் டாக்டர் சொன்னபடி, படிப்படியாகத்தான்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்துத் துணியைத் தளர்த்துங்கள். சாவிக்கொத்து, இரும்பு எதுவும் கையில் திணிக்க வேண்டாம். வாயில் தண்ணீர், கரண்டி கூடவே கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலும், நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலும், முதல் தடவையானாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த மாத்திரை எதற்கு? எத்தனை நாள்? எப்படி நிறுத்துவது? பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். தள்ளாட்டம் போனது. ஈறு வடியத்தான் நாளானது. போன வாரம் என் நாத்தனார் தானே நின்று முறுக்குச் சுட்டாள். முதல் முறுக்கை என் கையில் வைத்து, "இதுக்கும் சீட்டு வேணுமா, அண்ணி?" என்றாள்!