ரீட்மீயைத் திருத்தி என்ன கிழிக்கப் போகிறோம்?

"அண்ணா, ஓப்பன் சோர்ஸ்ல எப்படி நுழையறது?" என்று கேட்கும் கல்லூரிப் பையன்களுக்கு யூடியூபில் ஒரு ரெடிமேட் பதில் காத்திருக்கிறது. ஏதாவது ஒரு புராஜெக்டைப் பிடி, ரீட்மீயில் எழுத்துப்பிழை தேடு, திருத்து, புல் ரிக்வெஸ்ட் போடு, ரெஸ்யூமேயில் ஏற்று. இதைவிட மோசமான அறிவுரையை நான் கேட்டதில்லை.

இதன் விளைவை 2020 அக்டோபரில் பார்த்தோம். நான்கு புல் ரிக்வெஸ்ட் போட்டால் ஒரு டி-ஷர்ட் என்றது ஹாக்டோபர்ஃபெஸ்ட். உடனே ஊர்பேர் தெரியாத புராஜெக்டுகளின் ரீட்மீயில் எல்லாம் 'அமேசிங் புராஜெக்ட்' என்று சேர்த்து அனுப்பத் தொடங்கினார்கள். மாதம் பிறந்து சில நாட்களிலேயே, விரும்பிப் பெயர் கொடுக்கும் புராஜெக்டுகள் மட்டும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் குப்பையை ஒவ்வொன்றாகத் திறந்து மூடியவர்கள் சம்பளமில்லாத மனிதர்கள்.

இசை மென்பொருள் பக்கம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "நீ எதுல மியூசிக் பண்றே?" பாதிப் பேர் பண்ணுவதே இல்லை. ஆடாசிட்டியில் ஒரு குரலைக்கூட வெட்டி ஒட்டியதில்லை. ஆனால் அதன் குறியீட்டில் கை வைக்க வேண்டுமாம்!

இங்கே ஏன் இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை என்று சொல்கிறேன். ஒலி அட்டை ஒரு நொடிக்கு 48,000 மாதிரிகளை விழுங்குகிறது. பஃபரில் 128 மாதிரிகள் என்று வைத்திருந்தால், அடுத்த கவளத்தை ஊட்ட உங்கள் நிரலுக்குக் கிடைப்பது சுமார் 2.7 மில்லி விநாடி. தாமதமானால் 'டிக்' என்று ஒரு சத்தம். பாடகர் உயிரைக் கொடுத்துப் பாடிய டேக் போச்சு. வெப் உலகில் சராசரி வேகம் நன்றாக இருந்தால் போதும். பத்தாயிரத்தில் ஒரு ரிக்வெஸ்ட் தாமதமானால் யாரும் அழமாட்டார்கள். இங்கே அந்தப் பத்தாயிரத்தில் ஒன்றுதான் காதில் விழும். அதனால் அந்த ஆடியோ த்ரெடுக்குள் மெமரி கேட்கக்கூடாது, லாக்குக்குக் காத்திருக்கக்கூடாது, கோப்பில் எழுதக்கூடாது. பார்க்க அப்பாவியான ஒரு பிரிண்ட் வரிகூட ஆபத்து. ஆடாசிட்டி பயன்படுத்தும் போர்ட்ஆடியோவை உருவாக்கியவர்களில் ஒருவரான ராஸ் பென்சினா 2011இலேயே இதை விளக்கமாக எழுதிவிட்டார். கம்பைல் ஆகும், டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டும், உங்கள் புது லேப்டாப்பில் சத்தமே வராது. எங்கோ ஒருவரின் பழைய லேப்டாப்பில் வரும்.

"அப்போ சி பிளஸ் பிளஸ், சிக்னல் பிராசஸிங் எல்லாம் முடிச்சுட்டு வா" என்று விரட்டும் பெரியவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்டால் ஒருத்தனும் வரமாட்டான். மியூஸ்கோரை எடுத்துக்கொள்ளுங்கள். மியூஸ் என்ற சீக்வென்சரிலிருந்து 2002இல் வெர்னர் ஷ்வீர் பிரித்தெடுத்து வளர்த்த நொட்டேஷன் மென்பொருள் அது. கீபோர்டில் கிரேடு தேர்வு எழுதிய பெண்ணுக்கு ஸ்லர் கோடு எங்கே தப்பாக வளைகிறது என்று பார்த்ததும் தெரியும். பாயிண்டர் கரைத்துக் குடித்தவனுக்குத் தெரியாது.

ஆரம்பநிலை ஆளுக்கு உண்மையான வேலை பக்கைப் பிடித்துத் தருவதுதான். 'ரெக்கார்ட் பண்ணா டிக் டிக்னு வருது' என்று யாரோ எழுதியிருப்பார். அதை எடுத்துக்கொள். யூஎஸ்பி மைக்கில் மட்டுமா, உள்ளே இருப்பதிலுமா? 44,100இல் வருகிறதா, 48,000இல் மட்டுமா? பஃபரைக் கூட்டினால் போகிறதா? பழைய வெளியீட்டில் இல்லையென்றால் கிட் பைசெக்ட் இருக்கிறது. நடுவில் ஆயிரம் கமிட் இருந்தாலும், பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் பத்து பில்டில் குற்றவாளி சிக்கிவிடும். முதல் பில்ட் ஓடவே ஒரு வாரம் ஆகலாம், அது வேறு கதை. இதற்கு சி பிளஸ் பிளஸில் ஒரு வரி எழுதத் தெரிய வேண்டாம். காதும் பொறுமையும் வேண்டும்.

"ஆனா அண்ணா, கமென்ட்ல எழுதினா கிட்ஹப்ல பச்சைக் கட்டம் வராதே?"

வராதுதான். நேர்காணல்களில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவனாகச் சொல்கிறேன்: அந்தக் கட்டங்களை நான் எண்ணியதே இல்லை. அந்தப் பத்து பில்ட் கதையைச் சொல், அரைமணி நேரம் கேட்பேன்.