கொண்டுகூட்டிய சலனப்படம்

ஒருவர் எடுத்த படத்தை மற்றொருவர் கத்தரித்து ஒட்டித் தமதென்று சொல்லலாமோ? சொல்லலாகாது என்பதே நாவில் உடனே எழும் விடை. ஜோசப் கோர்னெல் 1936ஆம் ஆண்டு நியூயோர்க்கிலே காட்டிய 'றோஸ் ஹோபார்ட்' என்னும் சிறு படத்தைக் காணும்வரை யாமும் அவ்விடையே உடையோமாயிருந்தோம்.

கோர்னெல், கண்ணாடி முகப்பிட்ட மரப்பெட்டிகளிற் பழைய அச்சுப்படங்களையும் சிறு பொருள்களையும் அடுக்கிக் கலையாக்கியவர். நெடும்பயணம் எதுவும் செய்யாதவர். 'ஈஸ்ட் ஒஃப் போர்னியோ' என்னும் 1931ஆம் ஆண்டுப் படத்தின் பிரதியொன்று அவர் கைக்குக் கிட்டியது. கணவனைத் தேடிக் காட்டுநாடு செல்லும் மனைவி, முதலைகள், ஓர் இளவரசன், எரிமலை: ஹொலிவூட் அந்நாளில் வார்த்துத் தள்ளிய பண்டங்களுள் ஒன்று. அது காட்டும் கீழ்த்திசை அரசு எந்த நிலப்படத்திலும் இல்லை.

ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஓடிய அப்படத்தைக் கோர்னெல் ஏறத்தாழ 19 நிமிடமாகக் குறைத்தார். நாயகியாக நடித்த றோஸ் ஹோபார்ட்டின் காட்சிகளையே பெரும்பாலும் வைத்துக்கொண்டார். பேச்சை நீக்கிப் பிறேசில் நாட்டு இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டார். ஓட்டத்தைத் தளர்த்தி, நீலக் கண்ணாடியூடே திரையில் வீழ்த்தினார். கிரகணக் காட்சியொன்றையும் வேறிடத்திருந்து கொணர்ந்து சேர்த்தார். அவள் எதையோ நோக்குகிறாள். நோக்கியது இன்னதென்பது வருவதில்லை. திரும்புகிறாள், உடை மாறியிருக்கிறது. தேடிப்போன கதை நீங்கிற்று. தேடும் முகம் எஞ்சிற்று.

கொண்டுகூட்டுப் பொருள்கோள் கற்பிப்போர்க்கு இது முற்றும் புதிதன்று. ஆயினும் உவமை பாதிவழிதான் வரும். உரைகாரர் சொல்லை இடம்பெயர்ப்பது புலவன் கருதிய பொருளைக் காண்பதற்கே. கோர்னெலோ சொல்லை எடுத்துக்கொண்டு பொருளை உதறினார். அத்துணிவுதான் படத்தை அவருடையதாக்கிற்று என்பது எம் கருத்து.

இதனை அன்றே உணர்ந்தவர் சல்வடோர் டாலி. ஜூலியன் லெவியின் கலைக்கூடத்திற் படம் ஓடிக்கொண்டிருக்கையில் அவர் சினந்தெழுந்து படமெறி கருவியைக் கவிழ்த்தாராம். இது தம் கற்பனையென்றும், தாம் அதை எழுதவோ எவரிடமும் சொல்லவோ இல்லையாயினும் கோர்னெல் களவாடியது போலவே இருக்கிறதென்றும் குமுறினாராம். வெட்டுண்ட ஹொலிவூட் படத்துக்காக அவர் வருந்தவில்லை என்பதைக் கவனிக்க. எந்தத் திறனாய்வாளரும் இதனினும் பெரிய புகழுரை வழங்கியிரார். கூச்சமுடைய கோர்னெலுக்கு அது புகழாகப் படவில்லை. நெடுங்காலம் தம் படங்களைப் பொதுவிற் காட்டத் தயங்கினார். 2001இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் இடம்பெற்றபோது அவர் இறந்து 29 ஆண்டுகள் கழிந்திருந்தன.

குறையும் உண்டு. நடுப்பகுதி சலிப்பூட்டும், முதன்முறை பார்த்தபோது யாம் கண்ணயர்ந்தோம். மறுமுறை மாணவர் சிலருடன் பார்த்தோம். முடிந்ததும் ஒருவன், "ஐயா, கணவன் கிடைத்தானா?" என்றான். மூலப்படத்தின் முடிபை யாம் அறிவோம். சொல்ல மனம் வரவில்லை.