காட்டுப்பாதைக்கு நாளைக் கூட்டுங்கள், நெரிசலைக் குறையுங்கள்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கதிர்காமப் பேச்சுத் தொடங்கிவிடும். யார் யார் போவது, எந்த வான் பிடிப்பது, எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று வீட்டுக்கு வீடு கணக்குப் போடுவார்கள். முன்பெல்லாம் வானில் போய் வானில் திரும்புவதே வழக்கம். இப்போது உகந்தையில் இறங்கி, குமண, யால காடுகளைக் காலால் கடந்து கதிர்காமம் சேரும் ஆசை இளையவர்களிடம் வளர்ந்திருக்கிறது. நேர்த்திக்காக நடப்பவரும் உண்டு, காட்டைப் பார்க்கவேண்டும் என்று நடப்பவரும் உண்டு. இரண்டும் நல்ல காரணங்களே. மற்றக் காலத்தில் யால பூங்காவுக்குள் ஜீப்பில்தான் போகலாம். குறித்த சில இடங்களைத் தவிர வேறெங்கும் இறங்கக்கூட விடமாட்டார்கள். அந்தக் காட்டுக்குள் சாதாரண மனிதன் நாட்கணக்கில் நடந்து போகக்கூடிய ஒரே காலம் ஆடிவேல் விழாவையொட்டிப் பாதை திறக்கும் இந்த ஏறக்குறைய இரண்டு கிழமைதான். அந்த இரண்டு கிழமைக்குள் எல்லோரையும் திணிப்பதுதான் இன்றைய சிக்கல். பாதை கூடுதலான நாட்கள் திறந்திருக்க வேண்டும். ஒரு நாளில் உள்ளே போகிறவர்களின் தொகைக்கு ஒரு வரம்பு வேண்டும். அந்த இடத்தை முன்கூட்டியே பதிந்துகொள்ளும் வசதியும் வேண்டும்.

இதற்கு முதற்காரணம் தண்ணீர். உகந்தையிலிருந்து கதிர்காமம் வரையான காட்டுப் பயணம் நான்கைந்து நாள் எடுக்கும். குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வண்ணாத்திக் கிணற்றடி, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று அடியார்கள் வழிவழியாகத் தங்கி வந்த இடங்களைப் பாருங்கள். ஆறும் கிணறும் எங்கே இருந்ததோ அதை ஒட்டியே நடையின் அளவை வகுத்திருக்கிறார்கள். காரணம் எளிய கணக்கு. அந்த வெயிலில் நடக்கும் ஒருவருக்கு நாளுக்கு நான்கு லீற்றர் தண்ணீராவது வேண்டும். ஐந்து நாளைக்கு இருபது லீற்றர், அதாவது இருபது கிலோ. அதைத் தோளில் சுமந்துகொண்டு மணலில் யாரும் நடக்க முடியாது. ஆகவே வழியில் கிடைக்கும் தண்ணீரை நம்பித்தான் போகவேண்டும். கிழக்கில் மழை கார்த்திகை, மார்கழியில் கொட்டும். ஆடியில் கச்சான் காற்று வீசி நிலம் வெடித்துக் கிடக்கும். மலைநாட்டில் ஊற்றெடுத்து வரும் குமுக்கன் ஆறும் மாணிக்க கங்கையும்கூட அந்த நேரத்தில் மெலிந்துவிடும். ஆற்று மணலைத் தோண்டி ஊற்று எடுக்க வேண்டியிருக்கும். அரச நிறுவனங்களும் படையினரும் தொண்டர்களும் தாங்கி வைத்து, பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். பெரிய உதவிதான். ஆனால் ஆயிரம் பேர் ஓரிடத்தில் இரவு தங்கினால் குடிக்க மட்டும் நாலாயிரம் லீற்றர் வேண்டும். சமையலும் குளியலும் அதற்கு மேலே. இன்றிரவு எத்தனை பேர் வந்து சேர்வார்கள் என்பது தெரியாமல் எந்தத் திணைக்களமும் தண்ணீரைச் சரியாக ஒழுங்குசெய்ய முடியாது. கொடியேற்றத்தைக் காணவேண்டும் என்று பெருங்கூட்டம் ஒரே சில நாட்களில் நுழைவதால், வயோதிபரும் பிள்ளைகளும் தாங்கிக்கு முன்னால் போத்தலுடன் வரிசையில் நிற்கிறார்கள்.

அந்தத் தண்ணீருக்கு இன்னொரு உரிமைக்காரரும் உண்டு. யானையும் கரடியும் சிறுத்தையும் மானும் வறட்சிக் காலத்தில் தேடி வருவது இதே ஆற்றங்கரைகளையும் நீர்க்குழிகளையும்தான். விடிய விடிய வெளிச்சமும் ஒலிபெருக்கியும் இருந்தால் அவை கிட்ட வராது. கூட்டம் போன பிறகு மிஞ்சுவது பொலித்தீன். தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட் உறை, சோற்றுப்பொதி சுற்றிய தாள், ஜீவனிப் பக்கற்றுகள் எல்லாம் புதர்களில் சிக்கிக் கிடக்கும். இதனால் என்ன நடக்கும் என்பதை அறிய வெகுதூரம் போகவேண்டியதில்லை. உகந்தை இருக்கும் அதே அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில், குப்பைமேட்டுப் பிளாஸ்ரிக்கைத் தின்று எட்டு வருடத்தில் இருபது யானைகள் வரை செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. சோற்று மணம் ஒட்டிய உறையை யானை உறையோடு சேர்த்தே விழுங்கும். குப்பையைப் பொறுக்க வரும் தொண்டர்களை மனதாரப் பாராட்டவேண்டும். ஆனாலும் கூட்டம் போன வேகத்துக்கு அவர்களின் கைகள் போதாது.

வறண்ட நிலத்தில் மக்கள் திரளாக நடக்கும் இடம் இது ஒன்று மட்டுமல்ல. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்திலுள்ள தேசியப் பூங்காக்களும் இதே நெருக்கடியைச் சந்தித்தவைதான். யூட்டா மாநிலத்தின் சயன் பூங்காவில் நெரிசல் தாங்காமல், 2000ஆம் ஆண்டிலிருந்து பருவகாலத்தில் பிரதான பள்ளத்தாக்கு வீதிக்குள் தனியார் கார்களை விடாமல் பஸ்களையே ஓட்டுகிறார்கள். அங்கேயுள்ள ஏஞ்சல்ஸ் லாண்டிங் என்ற செங்குத்துப் பாதைக்கு 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கலில் அனுமதி பெற்றவர்கள்தான் போகலாம். கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கினுள் கூடாரமடித்து இரவு தங்குவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். 2012இல் அந்தப் பூங்கா, வீசியெறியும் தண்ணீர்ப் போத்தல் விற்பனையை நிறுத்தி, குழாயில் நிரப்பிக்கொள்ளும் இடங்களை அமைத்தது. கோடையில் காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை நடக்கவேண்டாம் என்று அங்கே காவலர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பணமும் ஆளணியும் நிறைந்த நாடே பாலைநிலத்தில் ஆட்களை எண்ணித்தான் உள்ளே விடுகிறது. நம்மிடம் அவை குறைவு; எண்ணவேண்டிய தேவை நமக்கே அதிகம்.

இந்த யோசனைக்கு வரக்கூடிய வலுவான மறுப்பு இது: கதிர்காம யாத்திரை பூங்காவுக்கு முந்தியது. யால தேசியப் பூங்காவானது 1938இல். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே அடியார்கள் அந்த வழியால் நடந்தார்கள். முருகனிடம் போக அரசாங்கத்திடம் எண் எடுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அதிலும் நம்மவர்கள் மூடிய கதவுகளை நிறையக் கண்டவர்கள். யுத்தத்தால் குமண பூங்கா 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்தது. பாதை திறக்கும் நாள் இந்த வருடம் எத்தனை என்று ஒவ்வொரு முறையும் காத்திருந்து கேட்கவேண்டிய நிலை இன்றும் இருக்கிறது. ஆகவே வரம்பு என்ற சொல்லைக் கேட்டதும் சந்தேகம் எழுவதில் ஆச்சரியமில்லை. அதனால்தான் நாட்களைக் கூட்டுவது முதலில் வரவேண்டும், வரம்பு அதன் பிறகு. திறக்கும் காலம் நான்கு கிழமையாகி, அது ஆண்டுதோறும் மாறாத ஏற்பாடாக முன்கூட்டியே அறிவிக்கப்பட்டால், இன்று போகிற ஒருவர்கூட நிற்கவேண்டியதில்லை. பதிவுக்குக் கட்டணம் கூடாது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து வாரக்கணக்காக நடந்து வரும் அடியார்களை எந்த வரம்புக்குள்ளும் அடக்கக்கூடாது. அவர்கள் வந்து சேர்ந்த நாளே அவர்களின் நாள். பதிந்துகொண்டு போகவேண்டியவர்கள், வானில் உகந்தைக்கு வந்து அங்கிருந்து நடையைத் தொடங்கும் நம் போன்றவர்கள். லீவை மாற்றிக்கொள்ள நம்மால் முடியும். கொடியேற்றத்துக்கே போய்ச் சேரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, தீர்த்தம் வரை விழா நடக்கிறது.

மறுபக்கத்திலிருந்து வரும் ஆட்சேபத்தையும் ஒதுக்க முடியாது. நாள் கூடினால் விலங்குகளுக்குத் தொல்லை தரும் நாளும் கூடுமே என்று இயற்கை ஆர்வலர்கள் சொல்வார்கள். உண்மைதான், இதற்கு முழுமையான விடை கிடையாது. ஆனால் சிறு கூட்டத்தை ஆற்றங்கரையிலிருந்து தள்ளித் தங்கவைக்கலாம், பவுசர் தண்ணீரை அங்கேயே கொடுக்கலாம், இரவில் ஒலியை நிறுத்தச் சொல்லலாம். பெருங்கூட்டத்திடம் இவற்றில் ஒன்றும் நடவாது. கிழமைக்கு ஒரு நாள் பதிந்து வருபவர் எவரையும் உள்ளே விடாமல் காட்டுக்கு ஓய்வு கொடுப்பதையும் வனஜீவராசிகள் திணைக்களம் பரிசீலிக்கலாம்.

அரசு தீர்மானிக்கும்வரை கொழும்பார் சும்மா இருக்கவேண்டியதில்லை. 2020இல் தெற்கு அதிவேகப்பாதை அம்பாந்தோட்டை வரை நீண்டதிலிருந்து, எல்லாவற்றையும் ஒரே வார இறுதியில் முடித்துவிடலாம் என்ற எண்ணம் வந்துவிட்டது. உகந்தைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. பொத்துவில், பாணமை தாண்டி உகந்தை சேர ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். அன்றிரவு அங்கே தங்கி, வெளிச்சம் வந்த பிறகே காட்டுக்குள் காலடி வையுங்கள். இருட்டில் யானை எதிரே நிற்பது பத்தடி தூரத்திலும் தெரியாது. பத்து மணிக்கு மேல் நிழலில் இருங்கள். அவலும் குரக்கன் மாவும் சர்க்கரையும் தேசிக்காயும் பாரம் குறைந்த, பழைய அடியார்கள் கைக்கொண்ட உணவு. கழுவி நிரப்பக்கூடிய போத்தல் ஆளுக்கு இரண்டு போதும். உறையுள்ள பண்டங்களின் உறையைக் கொழும்பிலேயே கழற்றிவிட்டுத் துணிப்பையில் கட்டுங்கள். உங்களை இறக்கிவிட்ட வான், காட்டைச் சுற்றிக்கொண்டு மொனராகலை, புத்தல வழியாகக் கதிர்காமம் வரும். புத்தல வீதியில் யானைகள் வாகனத்தை மறித்துத் தும்பிக்கை நீட்டும். வாழைப்பழம் எறிந்து எறிந்து அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர்கள் நாமே. யன்னலைத் திறக்கவோ எதையும் கொடுக்கவோ வேண்டாம் என்று சாரதியிடம் புறப்படும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பாதை திறக்கும் நாளைக் குறிக்க அதிகாரிகளும் ஆலய நிர்வாகத்தினரும் அடுத்த முறை கூடும்போது, நான்கு கிழமைத் திறப்பும் கட்டணமில்லாப் பதிவும் அந்தக் கூட்டத்தில் பேசப்படவேண்டும். கொழும்பிலுள்ள ஆலய சபைகளும் யாத்திரைக் குழுக்களும் இதை எழுத்தில் கேட்டு, இந்த வருடமே விண்ணப்பத்தை அனுப்பி வைக்கவேண்டும்.