உயிர் காக்கும் படிப்புக்கு உரிய ஊதியம் எங்கே?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு நீட், கட்-ஆஃப், மெடிக்கல் சீட் என்றுதான் பேச்சு. பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்ற படிப்பு அந்தப் பேச்சில் அதிகம் அடிபடுவதில்லை. இதற்கு நீட் கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண் போதும். லட்சங்களைக் கொட்டி கோச்சிங்குக்கு அனுப்ப முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மருத்துவத் துறைக்குள் நுழையக் கிடைத்திருக்கும் வாசல்களில் இது ஒன்று. அடைபட்ட மூச்சுக்குழாயைத் திறக்கவும், பீறிடும் ரத்தத்தை நிறுத்தவும், முறிந்த கழுத்து அசையாமல் ஆளைத் தூக்கவும் இந்தப் படிப்பில் கற்கிறார்கள்.

படித்து முடித்து ஆம்புலன்ஸ் வேலைக்குப் போனால்? தமிழகத்தில் 2008-ல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை அரசுப் பணத்தில் ஓடுகிறது. அதில் ஓடுபவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். எட்டு மணி நேர வேலை, ஊதிய உயர்வு என்று கேட்டு அவர்கள் எத்தனை முறை போராடிவிட்டார்கள்!

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரக் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. 1960-களில் அங்கே நோயாளிகளை போலீஸ் வண்டிதான் அள்ளிப்போட்டுக்கொண்டு போகும். வழியில் சிகிச்சை கிடையாது. கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் பகுதிக்கு அந்த வண்டியும் சரியாக வராது. 1967-ல் மருத்துவர் பீட்டர் சஃபாரும் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பும் சேர்ந்து, அந்தப் பகுதியின் வேலையில்லாத இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து சுமார் 300 மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்களும் அவர்களில் உண்டு. ஓடும் வண்டிக்குள்ளேயே உயிரைப் பிடித்து நிறுத்தும் வித்தையில் அவர்கள் தேர்ந்தார்கள். பின்னாளில் அந்த நாட்டின் ஆம்புலன்ஸ் பயிற்சிக்கே அவர்களது பாடம் அடித்தளமானது. 1975-ல் மாநகராட்சி சொந்தமாகச் சேவையைத் தொடங்கியது. ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. புதிய சேவைக்கு மாறியவர்களில் பலர் ஓரங்கட்டப்பட்டு வெளியேறினார்கள். தொழிலுக்கு மரியாதை வந்த நேரத்தில் அதை வளர்த்தெடுத்தவர்களுக்கு அங்கே இடமில்லை. இது பெரும் அநீதி.

அதே தவறு இங்கே நடக்க வேண்டாம். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் திட்டத்தை 2021-ல் கொண்டுவந்த மாநிலம் இது. அந்தத் திட்டத்தை மனதாரப் பாராட்டுகிறோம். சாலையில் விழுந்தவரை மருத்துவமனை வாசல்வரை உயிரோடு கொண்டுவந்து சேர்ப்பவருக்கும் அதே அக்கறை கிடைக்க வேண்டாமா? அதே 2021-ல் மத்திய அரசு இயற்றிய துணை மருத்துவப் பணியாளர் சட்டம் இவர்களுக்குப் பதிவேடு தருகிறது, சம்பளம் தரவில்லை.

தாலுகா மருத்துவமனைதோறும் இந்தப் படிப்பு முடித்தவர்களுக்கு நிரந்தரப் பணியிடம் உருவாக்குங்கள். 108 ஊழியர்களின் குறைந்தபட்ச ஊதியத்தை ஒப்பந்தக்காரரிடம் விடாமல் அரசே நிர்ணயியுங்கள். அடுத்த கலந்தாய்வு தொடங்கும் முன் இந்த இரண்டு அறிவிப்புகளும் வர வேண்டும், முதல்வர் அவர்களே.